செய்தியைப் பகிர்ந்தீர்கள், பாட்டைக் கேட்டீர்களா?

2023 ஒக்டோபரில் 'சந்தோஷம்' என்றொரு அல்பம் வெளிவந்தது. பாடியவர் பிரியா ராகு. இசையைக் கட்டியவர் அவருடைய சகோதரர், ஜப்னா கோல்ட் என்ற பெயரில் இயங்குபவர். அட்டையில் இருப்பது ஒருவருடைய பெயர், உள்ளே இருப்பது இரண்டு பேருடைய வேலை. இலங்கையை விட்டுப் போன தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். சுவிற்சர்லாந்தில் வளர்ந்தவர்கள்.

அந்த நாட்களில் எங்கட வட்ஸ்அப் குழுக்களும் பேஸ்புக்கும் எப்படி இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். "எங்கட பிள்ளை உலகத்தைக் கலக்குது." "தமிழன்டா." பிறகு வழக்கமான விசாரணை: ஊர் எது, தாய் தகப்பன் ஆர், இங்க சொந்தக்காரர் இருக்கினமா. அதற்குப் பிறகு பட்டியல்: பெரிய லேபல், பி.பி.சி., ஃபிஃபா 21 விளையாட்டில் அவருடைய பாட்டு. எல்லாம் சரி. பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எது பிடித்தது, எது அலுப்படித்தது, தாளம் எந்த இடத்தில் முறிகிறது, ஏன் முறிகிறது என்று ஒருத்தரும் கதைக்கவில்லை.

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். செய்தியைப் பகிர்ந்தவர்கள் கனபேர். அல்பத்தை ஒரு தரமாவது முழுதாகக் கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

இதை ரசனைக் குறைபாடு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்கட சனத்துக்குக் காது இருக்கிறது. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரம் பிசகினால் திருவிழாக் கூட்டத்தின் கடைசி வரிசையில் கச்சான் கொறித்துக்கொண்டிருப்பவரும் கண்டுபிடிப்பார். எங்களுக்கு இல்லாதது, புதுசாக ஒன்று வரும்போது வேறு யாரும் முத்திரை குத்துவதற்கு முதல் நாங்களே கேட்டு, நாங்களே தீர்ப்புச் சொல்லுகிற பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாததால் சேதப்படுவது பிரியா ராகு இல்லை. அவருக்கு லண்டனிலும் சூரிச்சிலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. சேதப்படுவது இங்கே, காலி வீதிக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே, ஒரு பழைய லப்டொப்போடும் ஒரு சோடி ஹெட்போனோடும் இரவு இரண்டு மணிக்குத் தாளம் கட்டிக்கொண்டிருக்கிற பெடியனும் பெட்டையும்தான்.

முதலில் அல்பம்

பேட்டிகளில் பிரியா ராகு தன் கதையைச் சொல்லியிருக்கிறார். எங்களில் பலருக்கு அது பக்கத்து வீட்டுக் கதை போல இருக்கும். வீட்டுக்குள் தகப்பனின் இசைக்குழு, தமிழர் கொண்டாட்டங்களில் சினிமாப் பாட்டு. வெளியே ஆர் அண்ட் பி, ஹிப்ஹொப். பதின்ம வயதில் மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாட இருந்த நேரம் அப்பா மறித்துவிட்டார். பிறகு விமான நிறுவனமொன்றில் உதிரிப்பாகங்கள் வாங்கும் பிரிவில் வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே சகோதரரோடு சேர்ந்து பாட்டுகள். 2020இல் 'குட் லவ் 2.0' கவனம் பெற்றது. 2021இல் 'டாம் ஷீஸ் தமிழ்' என்ற மிக்ஸ்டேப். 'அட, அவள் தமிழா!' என்ற வியப்பையே தலைப்பாக்கிய குறும்பு அது. 'சந்தோஷம்' அவர்களுடைய முதல் முழு அல்பம்.

தங்கள் ஒலிக்கு அவர்களே வைத்த பெயர் 'ராகுவேவி'. குத்துத் தாளம், அதற்குக் கீழே ஹிப்ஹொப்பின் கனமான பேஸ், அதற்கு மேலே ஆர் அண்ட் பி குரல், இடையில் தமிழ்ச் சொற்கள். இப்படிச் சொன்னால் சமையல் குறிப்புப் போலக் கிடக்கிறது. கேட்கும்போது அப்படி இல்லை. மிக்ஸ்டேப்பில் இருந்த 'சிக்கன் லெமன் ரைஸ்' பாட்டில் மேளம் அலங்காரத்துக்கு வரவில்லை. பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அதுதான். மகாபலிபுரத்தில் ஸ்கேட்போர்ட் ஓட்டும் சிறுமியைப் பற்றிய ஆவணப்படம் தந்த உந்துதலில் பிறந்தது 'கமலி'. ஒரு சின்னப் பெண் சறுக்கிக்கொண்டு போகிற சுதந்திரத்தைக் கொண்டாடும் பாட்டு. புதிய அல்பத்தில் 'ஆடலாம் வா' வந்ததும் உங்கட கால் நீங்கள் கேட்காமலே அசையும். அசையாவிட்டால் எங்களோடு சண்டைக்கு வாருங்கள்.

எங்களுக்கு இரண்டு குறைகளும் உண்டு. முதலாவது, மனதின் ஆழத்துக் கதையெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் பெரும்பாலும் பாட்டின் தோரணமாகத் தொங்குகிறது. காதலையும் கோபத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கொண்டாட்டத்துக்கு மட்டும் தமிழைக் கூப்பிட்டால், தமிழ் கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாவது, மிக்ஸ்டேப்பில் இருந்த முரட்டுத்தனம் இந்த அல்பத்தில் நன்றாகத் தேய்த்து மினுக்கப்பட்டிருக்கிறது. ஜப்னா கோல்டுக்கு இதைவிட விசித்திரமாக யோசிக்க முடியும் என்று எங்களுக்குத் தெரியும். பெரிய லேபலின் பளபளப்பு அந்த விசித்திரத்தை மூடிவிட்டது என்று நினைக்கிறோம்.

இந்தக் குறைகளை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் கேட்க வேண்டும். "பெருமையாக இருக்கு" என்று எழுதுவதற்குக் கேட்கத் தேவையில்லை.

"இது தமிழ் இசையா?"

கேட்ட சிலர் சொன்ன பதில் இது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கட இசை இல்லையே. மெஷின் சத்தம்தானே."

அப்படியானால் மெஷினைப் பற்றிக் கதைப்போம். உங்கட கோயிலில் பூசை நேரத்தில் ஐயர் ஒரு சுவிட்சைப் போட்டதும் மணியும் மேளமும் சேர்ந்து அடிக்கிறதே, அது என்ன? சங்கீத வகுப்பில் ரீச்சரின் பக்கத்தில் தம்புராவுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருக்கிறதே, அது என்ன? பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்தவர், இலத்திரனியல் சுருதிப் பெட்டியை உருவாக்கியதைத் தொடர்ந்து அது வீடு வீடாகப் போனது. கல்யாண வீட்டு இசைக்குழுவில் ஒருத்தர் கறுப்புப் பெட்டி ஒன்றில் எட்டுச் சதுரங்களைத் தட்டி தவிலும் டோலக்கும் வரவழைக்கிறாரே, அது ஜப்பானின் ரோலண்ட் கொம்பனி 1980களில் கொண்டுவந்த ஒக்டபாட். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைக் கொண்டு இசையமைத்தார். அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் பெரிய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். மெஷின் சத்தம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

அப்போ பிரச்சினை மெஷின் இல்லை. மெஷினை யார் தொடுகிறார்கள், எதற்குத் தொடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. சாமிக்கும் சினிமாவுக்கும் தொட்டால் புனிதம். இருபது வயசுப் பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொல்லத் தொட்டால் 'சத்தம்'.

'எங்கட இசை' என்ற எல்லையைக் காவல் காக்கிறவர்களுக்கு வரலாறு நல்லாகவே குட்டு வைத்திருக்கிறது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து 200 வருடமாகிறது. இன்றைக்கு வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி தடை செய்தது. எங்கட ஸ்வரங்களின் நெளிவு அதில் வராது, அந்நிய வாத்தியம் என்று காரணம் சொன்னார்கள். ஏறக்குறைய 30 வருடம் அந்தத் தடை இருந்தது. ஆர்மோனியம் செத்துப்போகவில்லை. கூத்திலும் நாடக மேடையிலும் பஜனையிலும் அது உயிரோடு இருந்தது. தடை போட்டவர்களின் பெயர்தான் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

இங்கேயே பாருங்கள். பைலா போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களோடும் இந்தத் தீவுக்கு வந்த ஆட்டமும் பாட்டும். சிங்களச் சனம் அதைத் தங்களுடையதாக்கியது. 1970களில் தமிழ் ஆட்கள் அதே தாளத்தை எடுத்துத் தமிழில் பொப்பிசை செய்தார்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன். இப்போது கொழும்பில் எந்தத் தமிழ்க் கல்யாணத்திலும் கடைசியில் அந்தப் பாட்டுகள்தான் கிழவன் கிழவியையும் எழுப்பி ஆடவைக்கின்றன. அப்போது அது 'எங்கட இசை' இல்லை. இப்போது அது எங்கட இசை. நடுவில் நடந்தது என்ன? சனம் கேட்டது, ஆடியது, வைத்துக்கொண்டது. இசை 'எங்கட'தாக ஆகிற வழி அது ஒன்றுதான்.

முத்திரை வரும்வரை

இரண்டு கதைகள் சொல்கிறோம். இரண்டுமே இந்தியாவில் நடந்தவை, ஆனால் நோய் ஒன்றுதான்.

பம்பாயில் சரண்ஜித் சிங் என்றொருவர் இருந்தார். இந்திப் படங்களின் ஒலிப்பதிவுகளில் கிற்றார் வாசித்தவர். 1982இல் ரோலண்டின் டி.ஆர்.-808, டி.பி.-303, ஜுப்பிட்டர்-8 என்ற கருவிகளை ஒன்றாகப் பூட்டி, பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெரிதாக ஒருத்தரும் வாங்கவில்லை. ஐந்து வருடம் கழித்து சிக்காகோவில் அதே 303 கருவியை வைத்து இளைஞர்கள் 'அசிட் ஹவுஸ்' என்ற புது இசையையே உண்டாக்கினார்கள். 2010இல் ஐரோப்பாவில் ஒரு சிறு லேபல் சரண்ஜித்தின் இசைத்தட்டை மறுபடி வெளியிட்டதும் உலகம் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகுதான் இந்தியப் பத்திரிகைகள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டின. அவருக்கு அப்போது எழுபது வயது. 2015இல் காலமாகிவிட்டார். முப்பது வருடம் ஒரு மனிசன் தன் ஊரிலேயே கேட்கப்படாமல் இருந்தார்.

மற்றது அகமதாபாத். 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு ஒரு மூக் சிந்தசைசரை வைத்து இலத்திரனியல் இசைக்கூடம் அமைத்தார்கள். கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் இசை செய்தார்கள். 1972க்குப் பிறகு அது நின்றுபோனது. ஒலிநாடாக்கள் பெட்டிக்குள் கிடந்தன. லண்டனைச் சேர்ந்த கலைஞர் போல் பர்கஸ் தேடிக் கண்டெடுத்து, அவை 2023இல்தான் அல்பமாக வந்தன. அரை நூற்றாண்டு.

எங்கட ஆட்களுக்கும் இதேதான் நடக்கிறது. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் ஒரு ரோலண்ட் எம்.சி.-505 கருவியில் தட்டித் தட்டித் தொடங்கிய பாட்டுகள்தான் 2005இல் 'அருளர்' ஆனது. தகப்பனின் பெயர். 2007இல் தாயின் பெயரில் 'கலா'. அமெரிக்க விசா சிக்கலானதால் அந்த அல்பத்தை அவர் நாடு நாடாகப் போய்ச் செய்தார். சென்னையில் மேளக்காரர்களைப் பதிவு செய்தார். முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்தில் இளையராஜா போட்ட மேளம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. உறுமி என்ற வாத்தியம் நியூயோர்க்கின் நடன அரங்குகளுக்குப் போனது அந்த அல்பத்தால். இங்கே அவரைப் பற்றிக் கதைத்ததெல்லாம் அவர் ஆருடைய மகள், என்ன அரசியல் என்பது மட்டும். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்த விஷயத்தில் ஒற்றுமை. உறுமியைக் கேட்டு "இது எங்கட செத்தவீட்டு மேளமும் திருவிழா மேளமும் அல்லோ, அதை இவள் என்ன செய்திருக்கிறாள்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இருபது வருடம் கழித்தும் அதே பிழை. அப்போது அரசியல் தகராறு, இப்போது பெருமைத் தகராறு. இரண்டிலும் பாட்டு கேட்கப்படவில்லை.

எங்கட மண்டபங்கள், எங்கட வானொலிகள்

இனி வீட்டுக்குள் வருவோம்.

1970களின் பொப்பிசையும் ஈழத்து மெல்லிசையும் வானத்திலிருந்து விழவில்லை. அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்தியச் சரக்கைக் குறைத்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை உள்ளூர்ப் பாடகர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் நேரம் கொடுத்தது. ஒலிபரப்பக் காற்றும் ஒரு மைக்கும் கிடைத்ததும் பாட்டு பிறந்தது. 1977இல் கதவு திறந்தது, 1983இல் வீடே எரிந்தது. அதற்குப் பிறகு வந்த தனியார் தமிழ் எஃப்.எம்.கள் 24 மணித்தியாலமும் என்ன போடுகின்றன என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. கடையில், பஸ்ஸில், த்ரீவீலில் கேட்கிறீர்கள்தானே. சென்னையில் வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பாட்டு சனிக்கிழமை விடியத் தெஹிவளைச் சந்தியில் கேட்கும். இந்த ஊர்ப் பிள்ளை செய்த பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஏதும் விசேஷ நாள் வர வேண்டும், அல்லது அந்தப் பிள்ளைக்கு அறிவிப்பாளரைத் தெரிந்திருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் அதில்தான் வளர்ந்தோம். ஆனால் முழு நாளும் ஒரே கறி என்றால் நாக்கு மரத்துப்போகும்.

மண்டபங்களுக்கு வருவோம். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கிறது. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் இருக்கிறது. அரங்கேற்றத்துக்கும் நூல் வெளியீட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் கொழும்புத் தமிழருக்கு இடப் பஞ்சம் இல்லை. எங்களில் இரண்டு பேர் ஓர் இடத்துக்குப் போய், ஒரு மேசை, இரண்டு லப்டொப், நாற்பது கதிரை, ஒரு பின்னேரம் என்று கேட்டோம். "டீஜே பார்ட்டியா தம்பி?" என்று கேட்டார்கள். இல்லை, இருந்து கேட்கிற இசை என்றோம். "அப்போ ஆர் பாடுறது?" ஒருத்தரும் பாடவில்லை என்றோம். அதோடு கதை முடிந்தது. எந்த இடம் என்பது முக்கியமில்லை. எங்கே போயிருந்தாலும் அந்த உரையாடல் அப்படித்தான் போயிருக்கும்.

நகரத்தின் மற்றப் பக்கத்தில் இலத்திரனியல் இசைக்கு இடம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஜம்புடெக் போன்ற சிறு லேபல்கள் வேலை செய்திருக்கின்றன. வெளிநாட்டுக் கலாசார நிலையங்கள் பயிற்சிப் பட்டறைகள் நடத்தியிருக்கின்றன. ஆனால் அங்கே கதை நடப்பது ஆங்கிலத்தில், இரவு பதினொன்றுக்கு, கொழும்பு 3இலும் 7இலும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கொட்டாஞ்சேனைப் பெட்டைக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் பூட்டியதுதான்.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தரம் தரமாகப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். அந்தப் படிப்பை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த நல்ல தாளக்கட்டுக்காரர்களில் பலர் அந்தப் பரீட்சைகள் எழுதியவர்கள்தான். ஆனால் அந்த ஏணியின் கடைசிப் படியில் கிடைப்பது ஒரு சான்றிதழ். "இனி உன்ர பாட்டைச் செய்" என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. லப்டொப் பட்டரி முடிவதற்குள் ஒரு தாளத்தைக் கட்டி முடிக்கப் பழகிக்கொண்டார்கள். 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த வருடம் 350ஐத் தாண்டியது. ஒரு சின்ன மிடி கீபோர்ட்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. லப்டொப்பின் எழுத்து விசைகளையே சுரக்கட்டையாக்கி வாசித்தார்கள். எம்.ஐ.ஏ. இரவல் கருவியில் தொடங்கினார் என்று கட்டுரை எழுதிப் பாராட்டுகிறோம். எங்கட தெருவில் இரவல் லப்டொப்பில் தொடங்கியவளிடம் "படிக்கிற நேரத்தில என்ன இது?" என்கிறோம்.

அழுதால்தான் தமிழா?

இன்னொரு விஷயம் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது.

புலம்பெயர் தமிழ்ப் பிள்ளை ஒன்று பாட்டோடு வந்தால் மேற்கு நாட்டுப் பத்திரிகை முதலில் கேட்பது அகதிக் கதையை. பெற்றோர் எப்படித் தப்பி வந்தார்கள்? கடல் வழியா, விமானமா? அந்தக் கதை கட்டுரையின் முதல் பந்தியில் இருக்கும், இசை எட்டாவது பந்தியில். எங்கட ஆட்களும் வேறு விதமாக அதையே செய்கிறோம். வலியைப் பாடினால் "எங்கட குரல்" என்கிறோம். ஆடலாம் வா என்றால் "சனம் பட்ட பாட்டுக்கு இது தேவையா?" என்று ஒரு பெரிசு கேட்கும்.

தேவை என்கிறோம். இழப்பை மறக்கச் சொல்லவில்லை. மே மாதத்தில் விளக்கும் ஏற்றுவோம், கஞ்சியும் குடிப்போம். ஆனால் ஒரு இனத்துக்கு அழுவதற்கு மட்டும்தான் அனுமதி என்றால், அதை அழவைத்தவர்கள் வெற்றி பெற்றார்கள் என்று அர்த்தம். முகாமுக்குள்ளும் பிள்ளைகள் தகரத்தில் தாளம் போட்டார்கள். அந்தத் தாளத்துக்கும் எங்கட வரலாற்றில் இடம் இருக்கிறது. இரண்டு அகதிப் பிள்ளைகள் தங்கள் முதல் அல்பத்துக்குச் 'சந்தோஷம்' என்று தமிழிலேயே பெயர் வைத்தால், அது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சொல்லை ஐரோப்பியர் தப்புத் தப்பாக உச்சரிக்கப் பழகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த அல்பத்தில் மிகவும் பிடித்தது அந்தத் துணிச்சல்தான்.

சோகமோ கொண்டாட்டமோ, எதை வேண்டுமானாலும் பாடட்டும். எதைப் பாட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வருகிறவர் கேட்பவர் இல்லை, பரிசோதகர்.

என்ன கேட்கிறோம்

புலம்பிவிட்டுப் போகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. கேட்பது நாலு விஷயம், நாலும் செய்யக்கூடியது.

வானொலிக்காரரிடம்: கிழமைக்கு ஒரு மணித்தியாலம். ஊர் நித்திரை கொள்கிற நேரம் வேண்டாம், சனம் விழித்திருக்கிற நேரம். இந்தத் தீவில் தமிழ் ஆட்கள் செய்த புதிய இசை, படப் பாட்டு அல்லாதது. பாடினவரின் பெயரோடு இசை கட்டினவரின் பெயரையும் சொல்லுங்கள். 168 மணித்தியாலத்தில் ஒன்று. விளம்பரக்காரர் ஓடிப்போக மாட்டார்.

மண்டபக்காரரிடம்: மாதத்துக்கு ஒரு பின்னேரம், மாணவர் கட்டக்கூடிய வாடகைக்கு. பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், நாலு பேச்சாளர் வேண்டாம். பிளக் பொயின்ற் வேலை செய்தால் போதும். ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டலாம், எல்லாரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவோம்.

எழுதுகிற நண்பர்களிடம்: 'பெருமை', 'சாதனை', 'மகுடம்' என்ற சொற்களை ஒரு வருடத்துக்கு இசைக் கட்டுரைகளிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு பாட்டில் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். பொய்ப் பாராட்டைவிட நேர்மையான திட்டு கலைஞருக்கு உதவும்.

கடைசியாக எங்கட வயதுக்காரரிடம், அதாவது உங்களிடம். 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது. யூடியூப் அதற்கு முதலே இருந்தது. இனி 'கிடைக்கவில்லை' என்ற சாட்டு எடுபடாது. கோல்பேஸிலிருந்து தெஹிவளைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசல் நேரத்தில் வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் ஓர் அல்பம் முடிந்துவிடும். துண்டு துண்டாக ரீல்ஸில் கேட்காமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, செய்தவர்கள் அடுக்கிய ஒழுங்கிலேயே கேளுங்கள். 'சந்தோஷம்' அதில் ஒன்றாக இருக்கட்டும். அடுத்த நாள், உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருத்தர் வீட்டிலிருந்து செய்து யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிற பாட்டைக் கேளுங்கள். கட்டாயம் யாராவது இருப்பார்கள். "நல்லா இருக்கு மச்சான்" என்று தப்பிக்கொள்ளாமல், இரண்டாவது நிமிஷத்தில் தாளம் ஏன் மாறுகிறது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் இதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வியாக அது இருக்கும்.

பி.பி.சி. கேட்பதற்கு முதல் நாங்கள் கேட்போம்.